ஆறாத கால் புண்ணுக்குப் பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி கிளினிக்

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். காலில் புண்ணோடு நொண்டிக்கொண்டு வருகிறவர்களுக்கென்று கிளினிக் நடத்துகிறவர்கள் அதைக் கொண்டுபோய் மாடியில் வைப்பார்களா? இவர்கள் வைத்திருக்கிறார்கள். பர்மா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் பழைய கடைவீடு. கீழே நாசி கண்டார் சோற்றுக் கடை, பக்கவாட்டில் செங்குத்தான மரப்படி. லிஃப்ட் கிடையாது. கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். மதிய நேரத்தில் போனால் மீன்தலைக் கறியின் மணமும் கிருமிநாசினி நெடியும் கலந்து ஏறி வரும். அன்றைக்குச் சாப்பாட்டு ஆசையும் போய்விடும், புண்ணைப் பற்றிய அருவருப்பும் போய்விடும்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. படிக்கட்டைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு பெயரையும் போட்டால், அடுத்த வாரம் மிஸ்ஸி (தாதியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என் காலை எந்த இறுக்கத்தில் கட்டுவாரோ, யார் கண்டது? பினாங்கில் இருப்பவர்கள் நாலு பேரிடம் விசாரித்தால் தெரிந்துவிடும்.

இத்தனை இருந்தும் நான் ஏறிப் போகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

லெபோ பசாரில் துணிக்கடை விற்பனையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றபடியே வேலை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே தொடங்கிக் கணுக்கால்வரை பிறவியிலேயே கருஞ்சிவப்பாக ஒரு படலம் உண்டு. அம்மா என்னை வயிற்றில் சுமந்திருந்தபோது கிரகணத்தன்று காலைச் சொறிந்துவிட்டார், அதனால் வந்தது என்பது எங்கள் குடும்ப வரலாறு. கெடா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர், பார்த்துவிட்டு, பிள்ளை வளர வளர மங்கிவிடும் என்றாராம். படலம் மங்கவில்லை, கால்தான் கூடுதலாக வளர்ந்தது. வலக்காலைவிட இடக்கால் சற்று நீளம். கெண்டைச் சதையும் பருமன். எங்கள் கடை டெய்லர் என் கால்சட்டையின் இடது குழாயை மட்டும் அரை அங்குலம் இறக்கித் தைத்துக் கொடுப்பார். அதோடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் எல்லோரும் இருந்தோம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் கணைக்காலில் உரசியது. வெறும் சிராய்ப்பு. அது ஆறாமல் அகன்றது, குழிந்தது, நீர் வடிய ஆரம்பித்தது.

நம் ஊரில் அறுபதைத் தாண்டிய இந்தியருக்குக் காலில் புண் என்றால் பார்க்கிறவர்கள் அனைவருமே டாக்டர்கள்தான். நோயின் பெயரும் தயாராக இருக்கும்: இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. எனக்கு இனிப்பு நீர் இல்லை. இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினால், 'எதற்கும் இன்னொரு தடவை பாருங்கள்' என்பார்கள். சம்பந்தி லங்காவியிலிருந்து காமாட் என்ற கடல் அட்டை எண்ணெய் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு அம்மா காப்பித்தூளை அப்பச் சொன்னார். மச்சான், ஹருவான் சூப் குடித்தால் தோல் கூடிவிடும் என்று விரால் மீனைத் தேடிப் பிடித்து அனுப்பினார். ஒரு தனியார் இடத்தில் புடைத்திருந்த சிரைகளைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, 'வெரிகோஸ்' என்று சொல்லி லேசர் சிகிச்சைக்கான விலைப்பட்டியலை நீட்டினார்கள். காலைத் தொடவே இல்லை. பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு)ச் சட்டைத் துணி எடுக்க வருகிறவர்கூட விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் விலை கேட்பார்.

அதன் பிறகுதான் இந்த மாடி.

காத்திருக்கும் அறையில் நாலைந்து நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் காலைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டூல். தொலைக்காட்சி சத்தம் அதிகம், குறைக்கச் சொன்னால் குறைப்பார்கள், மறுபடி யாராவது கூட்டுவார்கள். மிஸ்ஸி அரசு மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். தைப்பிங்காரர். என்னிடம் தமிழ், எனக்கு முன்னால் இருந்த பாட்டியிடம் ஹொக்கியன், அவர் பேத்தியிடம் மலாய் என்று மூச்சு விடாமல் மாற்றி மாற்றிப் பேசுகிறார்.

பழைய கட்டை அவிழ்த்தார். நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, முகமும் மாறவில்லை. புண்ணைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இரண்டு காலையும் ஒன்றாக நீட்டச் சொல்லி மாறி மாறிப் பார்த்தார். டேப்பை எடுத்து இரண்டு கெண்டைச் சதையையும் அளந்தார். டேப் பிடிக்கத் தெரிந்தவர் என்பது எனக்கு உடனே தெரிந்தது. இறுக்கவும் இல்லை, தளர விடவும் இல்லை, எண்ணை மேலிருந்து பார்க்காமல் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார்.

"அண்ணே, இந்தக் கால் எப்போதிலிருந்து பெரிதாக இருக்கிறது?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. பிறந்ததிலிருந்து என்றேன். புறங்கையை வைத்து இரண்டு காலின் சூட்டையும் ஒப்பிட்டார். இடது கால் தெளிவாகச் சூடு. பிறகு உள்ளங்கையைப் படலத்தின் மேல் அழுத்தாமல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என் கையையும் எடுத்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் விடாமல் ஓர் அதிர்வு. ஆயுள் முழுக்க என்னோடு இருந்த கால்; அந்த அதிர்வை நான் கவனித்ததே இல்லை.

படுக்க வைத்துவிட்டு வேறு ஒருவருக்குக் கட்டு மாற்றப் போய்விட்டார். என்னை மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். காலின் இரத்த அழுத்தத்தை எடுப்பதற்கு முன் அப்படிப் படுத்து ஓய்வெடுக்க வேண்டுமாம். திரும்பி வந்து கைக்கும் கணுக்காலுக்கும் அழுத்தம் பார்த்தார். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்கிறார்கள். வருவது 1-ஐ ஒட்டி இருந்தால் காலுக்குப் போதிய இரத்தம் இறங்குகிறது. 0.8-க்குக் கீழே இறங்கினால் இறுக்கமான கட்டு ஆபத்து; இருக்கும் கொஞ்ச இரத்தத்தையும் கட்டு நெரித்துவிடும். 1.3-ஐத் தாண்டினாலும் சந்தோஷப்பட முடியாது. நீரிழிவு உள்ளவர்களுக்குத் தமனி இறுகிப்போய் எண் பொய்யாக ஏறும். இந்தக் கணக்கைப் போடாமல் காலில் அழுத்தக் கட்டுப் போட வருகிறவர் யாராக இருந்தாலும் காலை இழுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாகப் பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவி, இரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைப்பது. ஜெல் தடவி வலது பாதத்தில் வைத்தார்: தட்டு, இடைவெளி, தட்டு, இடைவெளி. ஒழுங்கான நாடி. இடது காலில் படலத்தின் மேல் வைத்தார். இடைவெளியே இல்லை. ஒரு பேரிரைச்சல், அதற்குள்ளேயே நாடி ஏறி ஏறி இறங்குகிறது. காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சியைக் குறைத்துவிட்டார்கள், என்ன சத்தம் என்று கேட்க.

"அண்ணே, இன்றைக்கு நான் இறுக்கிக் கட்டப் போவதில்லை. இது சாதாரண சிரைப் புண் இல்லை. கடிதம் எழுதித் தருகிறேன், பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள்."

கழுவி, நீர் உறிஞ்சும் ஒட்டுப் பஞ்சு வைத்து, லேசாகச் சுற்றி அனுப்பினார். அன்றைக்கு வாங்கியது வெறும் கட்டு மாற்றும் காசு. வாராவாரம் வரச் சொல்லி, பெட்டி பெட்டியாகக் கட்டுத்துணி விற்றிருக்கலாம். எனக்கு என்ன தெரியப்போகிறது? வியாபாரத்தில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பத் தெரிந்த கடையை நம்பலாம்.

அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருப்புக்கு விலை இல்லை, அது ஏராளமாகக் கிடைக்கும். முதலில் டாப்ளர் ஸ்கேன், பிறகு எம்.ஆர்.ஐ., பிறகு ஆஞ்சியோகிராம். இளம் டாக்டர் ஒருவர் திரையைத் திருப்பிக் காட்டி விளக்கினார். தமனியில் வேகமாக வரும் இரத்தம் தந்துகி என்ற நுண்குழாய் வலையில் பரவி, வேகம் தணிந்து, திசுவுக்கு உயிர்க்காற்றைக் கொடுத்துவிட்டுத்தான் சிரைக்குப் போகவேண்டும். என் காலில் பல இடங்களில் அந்த வலையே அமையவில்லை. தமனியும் சிரையும் நேராக இணைந்திருக்கின்றன. தமனியின் அழுத்தம் முழுவதும் சிரையில் போய் மோதுகிறது. அதனால் சிரைகள் புடைத்துக் கால் வீங்குகிறது. இரத்தம் குறுக்குவழியில் ஓடிவிடுவதால் தோலுக்குச் சேரவேண்டியது சேருவதில்லை. சூடான, நாடி துடிக்கிற காலில் தோல் மட்டும் பட்டினி. அப்படிப்பட்ட தோலில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் அது எங்கே ஆறும்?

படலம், பருத்து நீண்ட கால், இந்த நேரடி இணைப்புகள் மூன்றும் சேர்ந்து வருவதற்கு பார்க்ஸ் வெபர் நோய்க்குறி என்று பெயராம். லண்டனில் இருந்த டாக்டர் 1907-இல் எழுதியது. அதற்கு முன் 1900-இல் பிரான்சில் கிளிப்பெல், டிரெனோனே என்ற இருவர் எழுதியது இதற்கு அண்ணன் முறை: அங்கும் படலம், பெரிய கால், புடைத்த சிரை எல்லாம் உண்டு, ஆனால் இரத்தம் மெதுவாக ஓடும் கோளாறு. அந்த வகையில் ஆழத்தில் இருக்கவேண்டிய சிரை சிலருக்குச் சரியாக வளர்ந்திருக்காது. அதைப் பார்க்காமல் மேலே புடைத்திருப்பதை அகற்றினால் இரத்தம் திரும்ப வழியில்லாமல் போகும். தூரத்திலிருந்தே விலைப்பட்டியல் நீட்டியவர்களை அப்போது நினைத்துக்கொண்டேன்.

தோட்டத்து டிரெஸ்ஸரையும் நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளைகளுக்கு வந்து, பெருகி, தானே சுருங்கும் ஹெமாஞ்சியோமா வேறு, பிறவியிலேயே தவறாக அமைந்து கூடவே வளரும் குழாய்க் கோளாறு வேறு என்று முல்லிகென், குளோவாக்கி என்ற இரண்டு பேர் தெளிவாகப் பிரித்துக் காட்டியதே 1982-இல்தான். அவர் சொன்ன 'மங்கிவிடும்' முதல் வகைக்குச் சரி.

இந்தக் கோளாற்றுக்கு நான்கு படி வைத்திருக்கிறார்கள். சும்மா இருப்பது, பெரிதாவது, தோல் அழிந்து புண்ணாகி இரத்தம் கசிவது, கடைசியில் இதயம் களைத்துப்போவது. நான் மூன்றாம் படியில் இருந்தேன். நான்காவதில் இல்லை என்று உறுதி செய்ய இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள், இதயம் பிழைத்தது. நாள்பட்ட புண்ணின் விளிம்பில் புற்றுநோய் முளைக்கலாம் என்பதால் (மார்ஜோலின் என்ற பிரெஞ்சு அறுவை நிபுணர் 1828-இல் எழுதியதால் அவர் பெயரில் வழங்குகிறது) ஓரத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். ஸ்கேன் எல்லாம் முடிந்த பிறகுதான் அதை எடுத்தார்கள். இப்படிப்பட்ட காலில் குழாய்களின் வரைபடம் தெரியாமல் கத்தி வைத்தால் இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. முடிவு நல்லபடி வந்தது.

அந்தத் தமனியைக் கட்டிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். வாய்க்காலின் தலையை அடைத்தால் பக்கத்து ஓடைகள் பெருகி அதே இடத்துக்கு வந்து சேரும். உள்ளே மருந்து கொண்டுபோகும் வழியும் நிரந்தரமாக மூடிவிடும். அதனால் தொடைப் பக்கம் துளையிட்டு மெல்லிய குழாயைத் தமனிக்குள் செலுத்தி, குறுக்கிணைப்புகள் கூடும் முடிச்சுக்கே போய், அங்கே ஒரு திரவத்தை இறக்கி இறுக வைத்தார்கள். ஓனிக்ஸ் என்று பெயர். எக்ஸ்ரேயில் தெரிவதற்காக டான்டலம் என்ற உலோகத்தின் தூள் கலந்திருப்பதால் கன்னங்கறுப்பு. ஓனிக்ஸைக் கரைத்து வைத்திருக்கும் டி.எம்.எஸ்.ஓ. என்ற திரவம் பிறகு மூச்சு வழியாக வெளியேறுகிறது. அப்போது ஆளிடம் பூண்டு வாடை வீசும். யாரும் வீட்டுக்காரியிடம் சொல்லவில்லை. பார்க்க வந்தவள் கட்டிலருகே நின்று மோந்து பார்த்துவிட்டு, "பத்தியம் என்றார்கள், பூண்டு ஊறுகாயா கொடுக்கிறார்கள்?" என்று தாதியிடம் சண்டைக்குப் போய்விட்டாள். ஒன்றிரண்டு நாளில் வாடை போய்விட்டது.

இது பூரணமாகத் தீரும் நோய் இல்லை. மிச்சம் இருக்கும் இணைப்புகள் காலப்போக்கில் மறுபடி பெருகலாம், மறுபடி அடைக்க வேண்டிவரலாம் என்றும் சொல்லித்தான் அனுப்பினார்கள். எவ்வளவு அழுத்தம்வரை கட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடு மீண்டும் மாடிப்படி.

இனி கட்டு. இங்கேதான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது.

முதலில் புண்ணைச் சுற்றியுள்ள தோலுக்குத் துத்தநாகக் களிம்பு, வடியும் நீர் பட்டு வெந்துபோகாமல் இருக்க. புண்ணின் மேல் உறிஞ்சும் பஞ்சு. பாதம் கணைக்காலுக்கு நேர்கோணத்தில் இருக்கும்படி என்னையே மடக்கி வைத்திருக்கச் சொல்வார். விரல்களின் அடியிலிருந்து ஆரம்பித்து, குதிகாலை விடாமல் மூடி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிப்பார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்கும். முன்னங்கால் எலும்பு கூர்மையாக இருக்கும் இடத்தில் மட்டும் கூடுதல் பஞ்சு. லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் உருவான நாலடுக்குக் கட்டுத்தான் இதில் பேர்போனது: பஞ்சு, கிரேப், இழுவைத் துணி, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் துணி. கணுக்காலில் 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வருவதுதான் அதன் குறி. எனக்கு அவ்வளவு கொடுக்கவில்லை. இரண்டடுக்குக் கட்டு போட்டு, பாதி அழுத்தத்தில் தொடங்கி, விரல்களின் நிறத்தையும் புண்ணின் போக்கையும் பார்த்துப் பார்த்துக் கூட்டினார்.

ஒரே இழுவையில் சுற்றினால் மெலிந்த இடத்தில் அழுத்தம் கூடும், பருத்த இடத்தில் குறையும். லாப்லாஸ் என்ற பிரெஞ்சுக் கணிதரின் விதி அது. அதனால்தான் ஒழுங்கான காலில் கணுக்காலில் அதிகமும் மேலே போகப்போகக் குறைவுமாகத் தானே அமைந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. என் கால் ஒழுங்கான கால் இல்லையே. கெண்டைச் சதையின் வெளிப்பக்கம் மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த வடிவத்தைப் பஞ்சால் சரிசெய்துவிட்டுத்தான் மிஸ்ஸி இழுவைத் துணியை எடுக்கிறார். சுற்றும்போது அவர் துணியைப் பார்ப்பதே இல்லை. கட்டைவிரலால் இழுவையை உணர்ந்துகொண்டு, கண்ணைக் காலில் வைத்திருக்கிறார். சேலைக்குக் கொசுவம் மடிக்கும் பழகிய கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் இவரைச் சேர்ப்பேன்.

முடித்ததும் விரல் நகத்தை அழுத்தி, வெளுத்தது சிவக்கிறதா என்று பார்ப்பார். "விரல் நீலமானாலோ, மரத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுங்கள். எனக்குப் போன் செய்து அனுமதி கேட்க வேண்டாம்." இரத்தம் பீறிட்டால் என்ன செய்வது என்றும் முதல் வாரமே வீட்டுக்காரியை அழைத்துச் சொல்லிக்கொடுத்தார்: உடனே படுக்க வை, காலை இதயத்துக்கு மேலே தூக்கு, துணியை வைத்து விடாமல் அழுத்து, எட்டி எட்டிப் பார்க்காதே, ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஹருவான் சூப்பைத் தாராளமாகக் குடிக்கச் சொன்னார், புரதம் நல்லதுதான் என்று. காப்பித்தூளின் பேச்சை எடுத்தபோது மட்டும் முறைத்தார்.

இப்போது இரண்டாவது குறை. மிஸ்ஸி விடுப்பில் போகும் நாள்களில் ஓர் இளைஞர் வருகிறார். நல்ல பிள்ளை, மரியாதை தெரிந்தவர். ஆனால் அவர் கட்டிய கட்டோடு பட்டர்வொர்த்துக்குத் திரும்ப ஃபெரி ஏறினேன். அக்கரை சேர்வதற்குள் கட்டு சரிந்து கணுக்காலுக்கு மேல் சுருண்டு உட்கார்ந்துவிட்டது. அவிழ்த்தபோது தோலில் வளையமாகப் பள்ளம். கெண்டைச் சதைக்குக் கீழே இறுக்கியும் மேலே தளர்த்தியும் சுற்றியிருக்கிறார்; வடிவத்தைச் சரிசெய்யவே இல்லை. அதே துணி, அதே பெட்டி, அதே விலை. புகார் சொன்னேன். அடுத்த முறை பணம் வாங்காமல் மாற்றிக் கட்டினார்கள், அந்த இளைஞரையும் பக்கத்தில் நிற்க வைத்து. அது பிடித்திருந்தது. ஆனாலும் என் காலை அவருக்குப் பயிற்சிக்கூடமாகக் கொடுக்க எனக்கு மனமில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். ஒரு முறை கட்டு மாற்ற 90 முதல் 130 வெள்ளி ஆகிறது, புண் எவ்வளவு வடிகிறது என்பதைப் பொறுத்து. ஓய்வூதியக்காரருக்கு இது சுலபமான தொகை அல்ல. பஞ்சு, ஒட்டுத்துணி போன்றவற்றை இவர்களிடம் வாங்காதீர்கள். கீழே இறங்கி நடந்தால் மருந்துக்கடையில் மலிவு. கேட்டால் அவர்களே வகையை எழுதித் தருகிறார்கள், முகம் கோணுவதில்லை. அரசு சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்டுக்குக் கட்டு மாற்றுவார்கள். புண் சிறிதான பிறகு நான் ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே என்று மாற்றிக்கொண்டேன். வெள்ளைத் தாளில் மிஸ்ஸி எழுதிக் கொடுத்த குறிப்பை அங்கிருந்த தாதி மதித்து அப்படியே செய்தார். வாராவாரம் கட்டம் போட்ட கண்ணாடித் தாளைப் புண்ணின் மேல் வைத்து விளிம்பை வரைந்து கோப்பில் சேர்ப்பது இங்கே வழக்கம். அந்தத் தாள்களை அடுக்கிப் பார்த்தால் தீபாவளிக்கு என் உள்ளங்கை அளவு இருந்தது, சீனப் பெருநாளுக்குப் பிறகு ஐந்து சென் காசுக்கு வந்துவிட்டது தெரியும். இப்போது மெல்லிய தோல் மூடியிருக்கிறது.

தோல் மூடிய பிறகு அழுத்தக் காலுறை. இதைக் கடையில் பெட்டியோடு வாங்க நினைப்பவர்கள் கவனியுங்கள். பெட்டியில் 'வகுப்பு 2' என்று போட்டிருந்தால் மட்டும் போதாது. ஜெர்மன் அளவுமுறையில் வகுப்பு 2 என்றால் 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். பிரிட்டிஷ் முறையில் அதே வகுப்பு 2 என்றால் 18 முதல் 24. இரண்டு வகையும் ஒரே அலமாரியில் அடுக்கியிருப்பார்கள், விற்கிற பையனுக்குத் தெரியாது. மில்லிமீட்டர் எண்ணைப் பாருங்கள்.

பின்னலும் முக்கியம். சாதாரண காலுறை வட்டப் பின்னல்: குழாயாகவே பின்னப்பட்டு, தையல் இல்லாமல், மெல்லியதாக, பார்க்க அழகாக இருக்கும். என் மாதிரி கோணல் காலில் அது மடிப்பு விழும் இடத்தில் கயிறாக இறுகி வெட்டும். மிஸ்ஸி தட்டைப் பின்னல் காலுறைக்கு அளவெடுத்தார். துண்டாகப் பின்னி, காலின் வடிவத்துக்கு ஏற்ப வரிசைக்கு வரிசை கண்ணைக் கூட்டிக் குறைத்து, பின்னால் தையல் போட்டு மூடுவார்கள். துணி தடிமன், இழுத்தால் லேசில் கொடுக்காது, நிறமும் பழைய மூங்கில் நிறம்தான். ஆனால் அந்த முரட்டுத்தனம்தான் வீக்கத்தைத் தடுத்து நிறுத்துகிறது. தையலை விரலால் தடவிப் பார்த்தேன். தட்டையாக, முள் இல்லாமல், விளிம்பு சுருளாமல் இருக்கிறது. எங்கள் கடையில் இந்தத் தரத்தில் தையல் வந்திருந்தால் முதலாளி முகப்பில் தொங்கவிட்டிருப்பார். வெளிநாட்டில் செய்து வர வாரக்கணக்கில் ஆகிறது. ஒரு காலுக்கு 700 வெள்ளிக்கு மேல்.

அளவெடுக்கக் காலையிலேயே வரச் சொல்வார்கள், வீக்கம் ஏறுவதற்கு முன். கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைச் சதை தொடங்கும் இடம், அதன் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழ் என்று வரிசையாக அளந்து, ஒவ்வொன்றும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் குறிக்கிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் போட்டுக்கொள்ள வேண்டும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு இழுத்தால் பாதி வேலை மிச்சம். நகம் பட்டால் இழை ஓடிவிடும். தினமும் துவைக்கலாம், பிழிந்து முறுக்கக் கூடாது, வெயிலில் போடவே கூடாது. நம் ஊர் வெக்கையில் மதியத்துக்கு மேல் அரிக்கத்தான் செய்கிறது, அதற்கு இவர்களிடமும் மருந்து இல்லை. ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும். அடுத்ததையும் சேர்த்து இப்போதே ஆர்டர் கொடுக்கிறேன், தள்ளுபடி உண்டா என்று கேட்டேன். கால் அதற்குள் மாறியிருக்கும், அப்போது மறுபடி அளக்கவேண்டும் என்று மறுத்துவிட்டார்.

விரல் நுனி கறுத்தவர்கள், இரவில் படுத்தால் பாதம் வலித்துக் காலைத் தொங்கவிட்டால் குறைகிறவர்கள் இங்கே வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அது தமனி அடைப்பாக இருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இவர்களும் அதைத்தான் சொல்லி அனுப்புவார்கள். மற்றபடி ஆறாத புண் உள்ளவர்களும், சிறுவயதிலிருந்தே ஒரு கால் மட்டும் பருத்தோ சூடாகவோ படலத்தோடோ இருப்பவர்களும், 'வயதானால் அப்படித்தான்' என்று யாராவது சொல்லியிருந்தால், ஒரு முறை வந்து அந்த டாப்ளரை வைத்துக் கேளுங்கள்.

போனை எடுக்கமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி போட்டால் இரவு பத்து மணிக்கு மேல் பதில் வரும். செவ்வாய், வியாழன் காலையில் இடம் கேளுங்கள். புதன்கிழமை வேண்டாம், அன்று அந்த இளைஞர்தான் இருப்பார்.